மோட்டார்ஹோம் கூரை ஜன்னலின் உள்சட்டம் போய்விட்டதா? திரும்ப அமைக்கும் முறை

கூரை ஜன்னலைச் சுற்றி உள்பக்கம் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் சட்டம் காணவில்லை. அண்ணாந்து பார்த்தால் வெட்டிய பிளைவுட் விளிம்பும், அதற்கு மேல் தெர்மாகோலும், ஆங்காங்கே ரீப்பர் கட்டையும், கறுத்துப்போன சீலன்ட்டும் தெரிகின்றன. பழைய மோட்டார்ஹோம் வாங்குபவர்கள் அடிக்கடி சந்திக்கும் நிலை இது. நாலு பட்டியை வெட்டி அடித்து மூடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சட்டம் அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது, எதற்காகக் கழற்றினார்கள் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

அலங்காரமா, பிடிமானமா?

கூரை ஜன்னல்கள் இரண்டு விதமாகப் பொருத்தப்படுகின்றன. ஒரு விதத்தில், வெளிச்சட்டத்தின் விளிம்பைக் கூரையின் மேலிருந்தே ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மேலே சீலன்ட் பூசிவிடுவார்கள். உள்சட்டம் இங்கே வெட்டுவாயை, அதாவது கூரையில் வெட்டிய துளையின் விளிம்பை, மறைக்க மட்டுமே. வட அமெரிக்க வண்டிகளில் வரும் 14 அங்குலச் சதுர காற்றுப்போக்கி ஜன்னல்கள் பெரும்பாலும் இந்த வகை. இதில் உள்சட்டம் இல்லாமல் போனாலும் ஜன்னல் அசையாது.

இன்னொரு விதத்தில், மேலே ஒரு ஸ்க்ரூவும் இருக்காது. வெளிச்சட்டம் மேலே, உள்சட்டம் கீழே, நடுவில் கூரை. உள்ளிருந்து போடும் நீளமான ஸ்க்ரூக்கள் இரண்டு சட்டங்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்துக் கூரையை இடையில் கவ்வ வைக்கும். ஐரோப்பிய வண்டிகளில் 400 × 400 மி.மீ. அளவில் வரும் ஜன்னல்களில் இந்த அமைப்பு மிகப் பரவலானது. பெரிய ஜன்னல்கள் சிலவற்றில் இந்தக் கவ்வும் வேலையைத் தனி உலோகக் கவ்விகள் செய்யும். அலங்காரச் சட்டம் அவற்றின் மேல் வந்து உட்காரும்.

கவ்வும் வகையில் உள்சட்டம் இல்லையென்றால், அந்த ஜன்னல் இப்போது வெறும் சீலன்ட்டின் ஒட்டுதலில் மட்டும் கூரையில் நிற்கிறது என்று அர்த்தம். நெடுஞ்சாலை வேகத்தில் கூரை மீது ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். பிய்த்துக்கொண்டு பறந்தால் பின்னால் வருபவர் மீதுதான் விழும். சட்டம் பொருத்தும்வரை அந்த வண்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. உள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சட்டத்திலிருந்து கீழ்நோக்கி, நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் தூண்கள் வரிசையாக இறங்கி நிற்கின்றனவா? துளைக்குள் ஸ்க்ரூ புரி ஏறிய தடம் இருக்கிறதா? இருந்தால் அது கவ்வும் வகை. தூண்கள் இல்லாமல், ஏணி வைத்து மேலே பார்த்தால் சீலன்ட்டுக்கு அடியில் ஸ்க்ரூ தலைகள் வரிசையாகப் புடைத்திருந்தால் அது மேலிருந்து இறுக்கிய வகை. சந்தேகம் இருந்தால், உள்ளே நின்று இரு கைகளாலும் வெளிச்சட்டத்தை மெதுவாக மேலே தள்ளிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் அதைக் கவ்வும் வகையாகவே நினைத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள். கூரை மேல் ஏறி நிற்க வேண்டாம். பல வண்டிகளின் கூரை ஆள் எடையைத் தாங்கும்படி கட்டப்பட்டதல்ல. பக்கத்தில் ஏணி போட்டு எட்டிப் பார்த்தால் போதும்.

ஏன் கழற்றினார்கள்?

உள்சட்டம் தானாக விழுவது குறைவு. வெயிலில் பல ஆண்டுகள் இருந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைந்து ஸ்க்ரூ துளைகளில் விரிசல் விட்டு விழுவது உண்டு. ஆனால் அதைவிட அதிகம், யாரோ கசிவைத் தேடக் கழற்றி, கசிவும் தீராமல் சட்டத்தையும் திரும்ப மாட்டாமல் விட்டதுதான். அதனால் கசிவு இருக்கிறது என்ற அனுமானத்தோடு தொடங்குவதே புத்திசாலித்தனம்.

முதலில் ஓதம் பாருங்கள். வெட்டுவாயைச் சுற்றி 30 செ.மீ. அகலத்துக்குக் கட்டைவிரலால் கூரையின் உட்பலகையை அழுத்திக்கொண்டே வாருங்கள். பஞ்சு போல் உள்வாங்கும் இடம், பழுப்பு வளையம், உப்பிய வால்பேப்பர் ஆகியவை நீர் வந்ததற்கான தடயங்கள். வெட்டுவாயில் தெரியும் ரீப்பரைக் கூரிய ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. ஈரமானி இருந்தால், மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டுவது சரி, 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டியது, அதற்கு மேல் போனால் சட்டத்தை மறந்துவிட்டுக் கசிவைக் கவனிக்க வேண்டியது என்று வைத்துக்கொள்ளலாம். ஊசியுள்ள மானியை அலுமினியத் தகட்டின் மீது வைத்துவிட்டுப் பதற வேண்டாம். உலோகம் பட்டாலே அது உச்சத்தைக் காட்டும்.

அடுத்து நீர்ச் சோதனை. வெட்டுவாயின் நான்கு பக்கமும் உள்ளே டிஷ்யூ தாளை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி வையுங்கள். மேலே சாதாரண ஹோஸ் குழாயில் மெல்லிய ஒழுக்கு மட்டும் விடுங்கள். அழுத்தக் கழுவும் இயந்திரம் வேண்டாம். நல்ல சீலைக்கூட அது பிளந்துவிடும். கூரைச் சரிவில் எது தாழ்வான பக்கமோ அங்கே தொடங்கி மேட்டை நோக்கி நகருங்கள், பக்கத்துக்குப் 10 நிமிடம். மேட்டிலிருந்து தொடங்கினால் எல்லாப் பக்கமும் நனைந்து, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போகும். பிறகு முன் சக்கரங்களைச் சரிவுக்கட்டையில் ஏற்றி, அடுத்து பின் சக்கரங்களை ஏற்றி, மறுபடி பாருங்கள். சமதரையில் வராத நீர் சாய்த்து நிறுத்தினால் வரும்.

ஒரு சொட்டும் வரவில்லை, ஆனால் விளிம்பு ஈரமாகவே இருக்கிறது என்றால், அது மழைநீர் அல்ல. உங்கள் மூச்சும் சமையல் ஆவியும்தான். வெப்பமான ஈரக்காற்று மேலே ஏறி, மூடப்படாத வெட்டுவாய்க்குள் புகுந்து, குளிர்ந்த கூரைத் தகட்டின் அடியில் நீராக மாறுகிறது. சட்டம் இல்லாமல் இருப்பதே மரத்தை இற்றுப்போக வைக்கும் காரணங்களில் ஒன்று. கசியாத ஜன்னலுக்கும் சட்டத்தைச் சீக்கிரம் போட வேண்டும் என்பது இதனால்தான்.

கசிந்தால் சரிசெய்வது வெளியே. உள்ளே சீலன்ட்டை அப்பிக் கசிவை அடைத்தால் நீர் நிற்காது. அறைக்குள் சொட்டுவதற்குப் பதிலாகக் கூரையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பரவி, ஒரு மீட்டர் தள்ளி எங்காவது வெளிவரும். வெளிச்சட்டத்தைத் தூக்கி, பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்து, ப்யூட்டைல் என்ற உலராத ரப்பர் பசைப் பட்டியில் மறுபடி உட்கார வைப்பதுதான் நிலையான தீர்வு. 20 முதல் 25 மி.மீ. அகலம், 2 அல்லது 3 மி.மீ. தடிமன் பட்டி, 400 மி.மீ. ஜன்னலுக்குச் சுமார் 2 மீட்டர். பட்டியின் தொடக்கமும் முடிவும் ஒன்றின் மேல் ஒன்று 3 செ.மீ. ஏறி வரட்டும். கவ்வும் வகையில் உள்சட்டம் நீண்ட காலமாக இல்லையென்றால், சோதனையில் கசியாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். பிடிமானமில்லாமல் ஆடிய ஜன்னலின் சீலன்ட் எங்காவது விட்டிருக்கும்.

மரம் ஈரமாக இருந்தால் மூடாதீர்கள். வெளியே நீர் புகாதபடி செய்துவிட்டு, வெட்டுவாயைத் திறந்தே வைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரமோ மின்விசிறியோ ஓட விடுங்கள். நாள் கணக்கில் அல்ல, வார கணக்கில் ஆகலாம். மானி 15க்குக் கீழே வந்தபின் அடுத்த கட்டம்.

அளவெடுத்தல்

இதில் காட்டும் பொறுமைதான் முடிவில் சட்டம் ஒட்டி உட்காருமா, இடைவெளி விட்டுத் தொங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. வெட்டுவாயின் அகலத்தை ஒவ்வொரு திசையிலும் மூன்று இடத்தில் அளந்து, மிகச் சிறிய எண்ணை எடுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் துளை சதுரமாக இல்லை. ஆழத்தை, அதாவது உட்பலகையின் அடிமட்டத்திலிருந்து வெளிச்சட்டத்தின் உள் உதடு வரை, எட்டு இடங்களில் எடுங்கள்: நான்கு மூலை, நான்கு நடு. கூரை பெரும்பாலும் லேசாக வளைந்திருக்கும், அதனால் எட்டும் ஒன்றாக இராது. கூரையின் தடிமனைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி ஜன்னலுக்கு வெவ்வேறு தடிமன் வரம்புக்கேற்ற உள்சட்டங்கள் விற்பனையில் உண்டு, தவறான வரம்பை வாங்கினால் ஒன்று கவ்வாது, இல்லை உதட்டில் இடிக்கும்.

மூலை வளைவின் ஆரத்துக்கு ஒரு நாணயம், மூடி, டம்ளர் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பொருந்துவதின் விட்டத்தைப் பாதியாக்கினால் போதும். கடைசியாக ஒரு அட்டையை வெட்டுவாயில் வைத்து அழுத்தி விளிம்பைப் பதிய வைத்து, முன்பக்கம் எது என்று அதில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். எண்கள் பொய் சொன்னாலும் அட்டை சொல்லாது.

அசல் சட்டம் கிடைத்தால்

கவ்வும் வகை என்றால் அசல் பாகத்தைத் தேடுவதற்கே முதலிடம் கொடுங்கள். தயாரிப்பாளர் பெயரும் மாதிரியும் ஜன்னலின் மேல்மூடியான குவிமாடத்தின் மூலையிலோ, கைப்பிடியிலோ, வெளிச்சட்டத்தின் உள் உதட்டிலோ அச்சாகி இருக்கும். குவிமாடத்தில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் எண்ணும் இருப்பது ஒப்புதல் முத்திரை. அது மாதிரி எண் அல்ல, அதை வைத்துத் தேடினால் பாகம் கிடைக்காது. பெரும்பாலான உள்சட்டங்கள் கொசுவலையும் மறைப்புத் திரையும் சேர்ந்த ஒரே தொகுப்பாக வருகின்றன. தனியாக வலையோ திரையோ பிறகு போடுவது சிரமம் என்பதால், விலை கூடினாலும் தொகுப்பாக வாங்குவது நல்லது.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் பயன்படுத்திய சட்டம் கிடைக்கும். வாங்கும் முன் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு விரிசல் மட்டும் என்றால் ஏ.பி.எஸ். துகள்களை அசிட்டோனில் கரைத்த கூழைப் பின்பக்கம் தடவிச் சரிசெய்யலாம்; அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும். அதே காரணத்தால் முன்பக்கம் ஒரு துளி சிந்தினாலும் தழும்பு நிற்கும். எல்லாத் துளையிலும் விரிசல் என்றால் அந்தச் சட்டம் வேண்டாம். நிறம் பொருந்தாதது பெரிய குறையல்ல. பிளாஸ்டிக்குக்கான ஒட்டு பிரைமர் அடித்துப் பெயின்ட் அடிக்கலாம். உட்புறச் சட்டங்களில் ஆர்.ஏ.எல். நிறக் குறியீட்டில் 9001 என்ற கிரீம் நிறமும் 9010 என்ற வெள்ளையும் அதிகம் காணப்படுபவை.

நீங்களே செய்வதென்றால்

மேலிருந்து இறுக்கிய வகைக்குச் சட்டத்தைத் தயக்கமில்லாமல் வீட்டிலேயே செய்யலாம். அதற்கு இரண்டு பகுதிகள்: வெட்டுவாயின் செங்குத்துச் சுவரை மூடும் உட்சுவர், கூரையின் உட்பலகையோடு ஒட்டி நிற்கும் தட்டைச் சட்டம். இரண்டையும் தனித்தனியாகச் செய்து சேர்ப்பதுதான் சுலபம்.

400 × 400 மி.மீ. துளையை எடுத்துக்கொள்வோம். தட்டைச் சட்டத்துக்கு 6 மி.மீ. பிளைவுட் அல்லது 6 மி.மீ. பி.வி.சி. ஃபோம் ஷீட், 500 × 500 மி.மீ. துண்டு ஒன்று. வெளியளவு 480 × 480, அதாவது சுற்றிலும் 40 மி.மீ. அகலம். நான்கு பட்டிகளை 45 டிகிரியில் சேர்ப்பதைவிட ஒரே பலகையிலிருந்து வளையமாக வெட்டி எடுப்பதையே பரிந்துரைக்கிறோம். ஓடும் வண்டியின் அதிர்வில் மூலை இணைப்புகள் ஒரு பருவத்துக்குள் பிளக்கத் தொடங்கும். ஒரே பலகையில் இணைப்பே இல்லை. ஜிக்சாவில் நுண்பல் பிளேடு, வெட்டும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப், நல்ல முகம் கீழே. பிறகு 120, அடுத்து 240 உப்புத்தாள். பிளைவுட் என்றால் முன், பின், வெட்டு விளிம்பு என எல்லாப் பக்கமும் பிரைமரும் இரண்டு கோட் பெயின்ட்டும் வேண்டும். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரத்தை இழுத்து, சட்டம் படகு போல் வளையும்.

உட்சுவருக்கு 1 அல்லது 1.5 மி.மீ. ஏ.பி.எஸ். தகடு. மூலைகள் வளைந்திருந்தால் நீளக் கணக்கு இப்படி: ஆரம் 30 மி.மீ. என்றால் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 400 − 60 = 340; நான்குக்கு 1,360. நான்கு மூலை வளைவும் சேர்ந்து ஒரு முழு வட்டம், 2 × 3.14 × 30 = 188. மொத்தம் 1,548 மி.மீ. இரண்டு செ.மீ. கூடுதலாக வெட்டி, பொருத்திப் பார்த்துக் குறையுங்கள். மூலை வரும் இடத்தை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி ஒரு குழாயின் மீது வளைக்க வேண்டும். ஏ.பி.எஸ். 100 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் இளகும். பளபளப்பு மாறும் கணத்தில் வளையுங்கள், குமிழி வந்தால் சூடு மிஞ்சிவிட்டது. இரு முனைகளும் சேரும் இடம் மூலையில் வரக் கூடாது. உட்கார்ந்தால் கண்ணில் படாத பக்கத்தின் நடுவில் வரட்டும். உயரத்தை அந்த எட்டு அளவுகளைப் புள்ளி வைத்து இணைத்து வெட்டுங்கள். மேல் விளிம்புக்கும் வெளிச்சட்டத்தின் உதட்டுக்கும் 2 மி.மீ. விட வேண்டும். முட்டிக்கொண்டு நின்றால் வண்டி ஓடும்போது கிறீச்சிடும்.

மூலைகள் செங்கோணமாக இருந்தால் அலுமினிய எல் ஆங்கிள் மிக நேர்த்தியான வழி. 25 × 25 × 1.5 மி.மீ. ஆங்கிளின் ஒரு கால் துளைக்குள் ஏறும், மறு கால் உட்பலகையில் படியும். துளை 400 என்றால் 45 டிகிரியில் வெட்டும் ஒவ்வொரு துண்டின் வெளிநீளம் 400 + 23.5 + 23.5 = 447 மி.மீ.; நான்கும் 1,788. ரம்ப வெட்டுக்கும் சேர்த்து 2 மீட்டர் நீளம் ஒன்று போதும். கூரை 25 மி.மீ.யைவிடத் தடிமனாக இருந்தால் சமமற்ற கால்கள் கொண்ட ஆங்கிள் வேண்டும், உதாரணமாக 40 × 20. வெட்டுப் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். தலைக்கு நேர் மேலே இருக்கும் விளிம்பு அது.

முப்பரிமாண அச்சில் செய்ய விரும்புபவர்கள் பி.எல்.ஏ. இழையைத் தொட வேண்டாம். 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே அது இளகும். திரையை மூடிய ஜன்னலடியில் கோடை வெயிலுக்கு அந்த வெப்பம் எளிதில் வரும். ஏ.எஸ்.ஏ. அல்லது ஏ.பி.எஸ். பொருத்தமானவை. குளியலறைக்கு மேலுள்ள ஜன்னலென்றால் பிளைவுட் வேண்டாம். பிளாஸ்டிக் அல்லது அலுமினியம் மட்டுமே.

கவ்வும் வகைக்கு இவை எதுவும் போதாது. அசல் பாகம் உற்பத்தியிலேயே இல்லை என்ற நிலையில் மட்டும், 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்டை ஒரே வளையமாக வெட்டி, தூண்கள் ஒவ்வொன்றுக்கும் நேராகத் துளையிட்டு, எல்லா ஸ்க்ரூ இடங்களையும் பயன்படுத்துங்கள். எட்டுத் தூண் இருந்தால் எட்டு ஸ்க்ரூ. நான்கு போதும் என்று நிறுத்தினால் இடையில் வெளிச்சட்டம் மேலே வளைந்து அங்கே கசியும்.

ஸ்க்ரூவுக்குப் பிடி எங்கே?

உட்பலகை பெரும்பாலும் 3 மி.மீ. பிளைவுட். அதற்குப் பின்னால் தெர்மாகோல் மட்டும் இருந்தால் ஸ்க்ரூ நிற்காது, முதல் பயணத்திலேயே புரி விட்டுவிடும். வெட்டுவாயில் பார்த்து, நான்கு பக்கமும் ரீப்பர் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லாத பக்கத்தில் தெர்மாகோலை 25 மி.மீ. உள்ளே சுரண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தின் உயரத்துக்குச் சீவிய ரீப்பரைப் பாலியூரிதேன் மரப்பசையில் செருகி, இரவு முழுக்கக் கவ்வி வையுங்கள். அந்தப் பசை காயும்போது உப்பி இடைவெளியை நிரப்பும். கரைப்பான் கலந்த கான்டாக்ட் பசையை இங்கே பயன்படுத்தினால் தெர்மாகோல் கண் முன்னே உருகிக் குழியாகும்.

புரி தேய்ந்த பழைய துளைகளில் மரக்குச்சியைப் பசையில் தோய்த்து அடித்து, காய்ந்ததும் சமமாக வெட்டி, 2 மி.மீ. ட்ரில்லில் புதுத் துளை போடுங்கள். இன்னும் பெரிய ஸ்க்ரூ போட்டுத் தப்பிக்கும் வழி பலகையைப் பிளக்கும்.

ட்ரில் எடுக்கும் முன் 12 வோல்ட் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஜன்னலோரம் விளக்குக்கோ மின்விசிறிக்கோ கம்பி ஓடுவது சகஜம், அது தெர்மாகோலுக்குள் எங்கே போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தலைக்கு மேல் வேலை என்பதால் கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ நீளம் கணக்குப் போட்டு வாங்க வேண்டியது. அலங்கார வகைக்கு: சட்டம் 6, உட்பலகை 3, ரீப்பரில் இறங்க 11 முதல் 12. ஆகவே 3.5 × 20 மி.மீ. துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ. 400 மி.மீ. ஜன்னலுக்குப் பக்கத்துக்கு மூன்று வீதம் 12. ஸ்க்ரூ முனைக்கும் கூரையின் வெளித்தகட்டுக்கும் குறைந்தது 8 மி.மீ. இருக்க வேண்டும். கவ்வும் வகைக்கு: தூணின் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு ஆழத்தை அளங்கள். சட்டத்தின் தடிமன் 3, சட்டத்துக்கும் தூணுக்கும் இடைவெளி 18, தூணுக்குள் பிடி 12 என்றால் 33. கடையில் கிடைப்பது 35. துளையின் ஆழம் 15 மி.மீ. என்றால் 14 மட்டுமே இறங்கும், சரி. ஆழம் 12தான் என்றால் 35 மி.மீ. ஸ்க்ரூ அடியில் முட்டி, இறுகியது போன்ற உணர்வைக் கொடுக்கும்; உண்மையில் சட்டம் கவ்வியிருக்காது. இன்னும் திருகினால் வெளிச்சட்டத்தைத் துளைத்து மேலே வரும், அங்கிருந்து மழை உள்ளே வரும்.

பொருத்துதல்

வெட்டுவாயில் பூச்சில்லாமல் தெரியும் மர விளிம்புகளுக்கு வார்னிஷோ பிரைமரோ ஒரு கோட் அடியுங்கள். தெர்மாகோல் தெரியும் இடத்தில் நீரில் கரையும் வகையை மட்டும் அடித்து, காய்ந்தபின் சுற்றிலும் அலுமினியப் பட்டி ஒட்டுங்கள். அறையின் ஈரக்காற்றைத் தடுக்கப் போவது இந்தப் பட்டிதான். சட்டத்தைப் பிறகு எத்தனை முறை கழற்றினாலும் அது அப்படியே இருக்கும். தகர உடல் கொண்ட வேனில் வெட்டிய உலோக விளிம்பு தெரிந்தால், துருவைத் தேய்த்து எடுத்துத் துத்தநாக பிரைமர் அடித்துவிட்டுத் தொடருங்கள்.

சட்டத்தில் போடும் ஸ்க்ரூ துளை, ஸ்க்ரூவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்: 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4.5 முதல் 5 மி.மீ. துளை. 400 மி.மீ. நீள ஏ.பி.எஸ். துண்டு, குளிர்கால இரவுக்கும் கோடை மதியத்துக்கும் இடையே 50 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 2 மி.மீ. நீளும். அலுமினியம் அரை மி.மீ.தான். நீள இடமில்லாத பிளாஸ்டிக், துளையிலிருந்துதான் கிழியத் தொடங்கும். அசல் சட்டங்கள் உடைவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்: தொலைத்த ஸ்க்ரூவுக்குப் பதில் யாரோ தலை சரிந்த மர ஸ்க்ரூவைப் போட்டிருப்பார்கள், அது ஆப்பு போல் இறங்கித் துளையைப் பிளக்கும். தட்டையான அடி கொண்ட பான் தலை ஸ்க்ரூவே வேண்டும்.

முதலில் சட்டத்தை வெறுமனே தூக்கி வைத்து, ஜன்னலைத் திறந்து மூடிப் பாருங்கள். கைப்பிடி இடிக்கிறதா, தாழ்ப்பாள் முழுக்க விழுகிறதா, பக்கத்து அலமாரிக் கதவு சட்டத்தில் உரசாமல் திறக்கிறதா என்று பார்த்தபின், ரீப்பரில் 2 மி.மீ. வழித்துளை போடுங்கள். சட்டத்தின் பின்பக்கம் 1 மி.மீ. ஃபெல்ட் பட்டியோ மூடிய செல் நுரைப் பட்டியோ ஒட்டினால் கடகட சத்தம் வராது, கூரையின் சிறு வளைவையும் அது விழுங்கிக்கொள்ளும்.

சட்டத்துக்கும் உட்பலகைக்கும் நடுவில் சீலன்ட்டோ பசையோ போடாதீர்கள். இதில் நாங்கள் பிடிவாதமாகவே இருக்கிறோம். நாளை வெளியே எங்காவது சீல் விட்டால், முதல் சொட்டு சட்டத்தின் ஓரத்தில் தெரிய வேண்டும். அங்கே அடைத்துவிட்டால் நீர் சத்தமில்லாமல் கூரைக்குள் தேங்கி, உங்களுக்குத் தெரியும்போது ரீப்பர் உளுத்திருக்கும். ஒட்டிய சட்டத்தை உட்பலகையைப் பிய்க்காமல் கழற்றவும் முடியாது. உட்சுவர் தகட்டைத் தட்டைச் சட்டத்தோடு இணைக்க மட்டும் எம்.எஸ். பாலிமர் பசை போடலாம். அது நாளொன்றுக்குச் சுமார் 3 மி.மீ. ஆழத்துக்குக் காயும், அதுவரை அசைக்க வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் எங்கேயும் வேண்டாம்: உலோகத்தை அரிக்கும், பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. பாலியூரிதேன் சீலன்ட்டும் ஆல்கஹால் கலந்த துடைப்பானும் அக்ரிலிக் குவிமாடத்தில் பட்டால் நுண்விரிசல் வரலாம். குவிமாடத்தைச் சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள்.

ஸ்க்ரூக்களைக் கையால் திருகுங்கள், பேட்டரி ட்ரைவர் வேண்டாம். எல்லாவற்றையும் முதலில் தளர்வாக ஏற்றி, எதிரெதிர் மூலைகளாக மாறி மாறி, மூன்று சுற்றில் இறுக்குங்கள். சட்டம் பலகையைத் தொட்டதும் கால் திருப்பு, அத்தோடு நிறுத்துங்கள். கவ்வும் வகையில், வெளியே விளிம்பைச் சுற்றி ப்யூட்டைல் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பிதுங்குகிறதா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பிதுங்கியதை உடனே வழிக்காமல், அடுத்த நாள் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள்.

காற்று வழிகளை அடைக்க வேண்டாம்

பல கூரை ஜன்னல்களில், மூடியிருந்தாலும் காற்று போய்வர நிரந்தர இடைவெளி விட்டிருப்பார்கள். கேஸ் அடுப்பும் ஹீட்டரும் உள்ள வண்டியில் அது உயிர் காக்கும் ஏற்பாடு, ஐரோப்பாவில் இ.என். 721 என்ற தரநிலை இதற்கென்றே இருக்கிறது. குளிர்காற்று வருகிறதென்று புதுச் சட்டத்தாலோ நுரையாலோ அந்த இடைவெளியை மூடிவிடக் கூடாது. அசல் உள்சட்டத்தில் காற்றுப் பொளிகள் இருந்ததற்கான அடையாளம் வெளிச்சட்டத்தின் உதட்டில் தெரிந்தால், நீங்கள் செய்யும் சட்டத்திலும் அதே இடத்தில் அதே பரப்புக்குப் பொளி விடுங்கள்.

திரை உள்ள சட்டம் போட்டிருந்தால், கடும் வெயிலில் திரையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூடாதீர்கள். குவிமாடத்துக்கும் திரைக்கும் நடுவே வெப்பம் சிக்கிக் குவிமாடத்தையும் சட்டத்தையும் நெளிய வைக்கும். வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களில் திரையையும் வலையையும் சுருட்டித் திறந்த நிலையில் விடுங்கள்; இழுத்தே வைத்தால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, பிறகு சுருளாது.

ஒரு வாரம் கழித்து, அல்லது முதல் நீண்ட பயணத்துக்குப் பிறகு, எல்லா ஸ்க்ரூக்களையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். ப்யூட்டைல் அழுத்தத்தில் மெல்லப் பரவித் தாழும், ஃபெல்ட்டும் அமுங்கும். கவ்வும் வகையில் அரைத் திருப்பு வரை இடம் கிடைக்கும். அதற்குப் பிறகே ஸ்க்ரூ தலைகளுக்கு மூடி அழுத்துங்கள், முன்பே அழுத்தினால் அவற்றைக் குத்தி எடுக்கும்போது பாதி உடையும். நல்ல மழை பெய்த மறுநாள் சட்டத்தின் ஓரத்தை விரலால் சுற்றித் தடவி, ஈரம் தட்டுப்படும் பக்கத்தை மட்டும் கழற்றி, மேலே அதே பக்கத்து விளிம்பில் தேடுங்கள்.